நியூயார்க் உணவக ஆய்வுத் தரவு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நியூயார்க் நகர சுகாதாரத் துறை உணவகங்களில் நடத்தும் ஆய்வுகளின் முடிவுகளை நகரத்தின் திறந்த தரவுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சில வருடங்களாக அதில் மூழ்கிக் கிடக்கிறேன் என்பதால், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

குவீன்ஸிலிருந்து ஒரு தங்கை: கடை வாசலில் 'ஏ' அட்டை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாமா அண்ணா?

சாப்பிடலாம்மா. ஆனால் அந்த 'ஏ' எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு சாப்பிடு. ஆய்வில் வாங்கிய மதிப்பெண்ணை எழுத்தாக்கி வாசலில் மாட்டும் இந்த முறை 2010 ஜூலையில் தொடங்கியது. இங்கே மதிப்பெண் என்பது தண்டனைப் புள்ளி, குறைய குறைய நல்லது. 0 முதல் 13 வரை 'ஏ', 14 முதல் 27 வரை 'பி', 28-உம் அதற்கு மேலும் 'சி'. உடல்நலத்துக்கு நேரடி ஆபத்து என்றால் குறைந்தது 7 புள்ளி, கடுமையான மீறலுக்குக் குறைந்தது 5, பொதுவான குறைக்குக் குறைந்தது 2.

முதல் ஆய்வில் 'ஏ' கிடைக்காத கடைக்கு அன்றைக்கு எந்த அட்டையும் தர மாட்டார்கள். குறைந்தது ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வருவார்கள். அந்த இரண்டாவது மதிப்பெண்தான் அட்டையாகிறது. ஆகவே வாசலில் தொங்கும் 'ஏ', ஒரு வாரம் விழுந்து விழுந்து கழுவித் துடைத்த பிறகு வந்ததாகவும் இருக்கலாம். சாதாரண நாளில் அந்தச் சமையலறை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால், தரவில் 'முதல் ஆய்வு' என்று குறித்திருக்கும் வரிகளைப் பார். நான் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் முன் பார்ப்பது அதைத்தான்.

கல்லூரி மாணவர்: ஒரே கடை, ஒரே தேதி, எட்டு தடவை வருகிறது. டூப்ளிகேட் என்று அழித்துவிடலாமா?

அழித்துவிடாதீர்கள்! ஒரு வரி என்பது ஓர் ஆய்வு அல்ல, ஒரு விதிமீறல். எலிப் புழுக்கை ஒரு வரி, ஈ ஒரு வரி, ஆறிப்போன சாம்பார் ஒரு வரி. அந்த ஆய்வின் மொத்த மதிப்பெண் எல்லா வரியிலும் திரும்பத் திரும்ப வரும். இது தெரியாமல் நேரடியாகச் சராசரி போட்டால், நிறைய மீறல் உள்ள ஆய்வு பல தடவை எண்ணப்பட்டு ஊரே நாறுவது போலத் தெரியும். முதல் வருடம் நானும் இதே தப்பைச் செய்து, எங்கள் பகுதிக் கடைகளைப் பற்றித் தவறாக நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது. மீறல்களை எண்ண வேண்டுமானால் எல்லா வரிகளும் வேண்டும். மதிப்பெண்ணைக் கணக்கிட, கடையின் காமிஸ் எண் (ஒவ்வொரு கடைக்கும் உள்ள தனி அடையாள எண்), ஆய்வுத் தேதி, ஆய்வு வகை மூன்றும் ஒத்துப்போகும் வரிகளை ஒரே வரியாக்கிக்கொள்ளுங்கள்.

அவரே: 1900 ஜனவரி 1 அன்று ஆய்வு நடந்ததாக இருக்கிறதே?

இன்னும் ஆய்வு நடக்காத புதுக் கடை என்று அர்த்தம். கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பத்திரிகைத் தோழி: பத்து வருடப் போக்கை இந்த ஃபைலை வைத்து எழுதலாமா?

வேண்டாம். இதில் இருப்பவை இன்று இயங்கும் கடைகள் மட்டும். மூடிப்போனவை பட்டியலை விட்டே போய்விடும், அவற்றில் மோசமானவையும் உண்டு. ஒவ்வொரு கடைக்கும் கடைசி ஆய்விலிருந்து மூன்று வருடம் பின்னோக்கித்தான் இருக்கும். போக்கு எழுத ஆசை என்றால் இன்று முதல் மாதம் ஒரு முறை இறக்கிச் சேமியுங்கள். பழைய பிரதி யாரிடமாவது இருந்தால் அது பொக்கிஷம். 2020 மார்ச்சில் கொரோனாவால் வழக்கமான ஆய்வுகள் நின்றதையும் மறக்க வேண்டாம். அந்தப் பள்ளத்தைப் பார்த்துக் கடைகள் திருந்திவிட்டன என்று எழுதினால் பெரும் பிழை.

அவரே: 13 புள்ளியில் கடைகள் குவிந்திருக்கின்றன, 14-இல் திடீரென்று குறைகிறது. லஞ்சமா?

வரைபடம் அதைச் சொல்லாது. எல்லைக்கோட்டில் ஆய்வாளர் சற்று இரங்கியிருக்கலாம். கடைக்காரர் தீர்ப்பாயத்தில் வாதாடி ஒரு மீறல் தள்ளுபடியாகியும் இருக்கலாம். அப்படித் தள்ளுபடியானது தரவிலும் இருக்காது. தனி மனிதர்களின் நேர்மை சம்பந்தப்பட்டது, ஆதாரம் இல்லாமல் தொடாதீர்கள்.

தோசைக் கடை நடத்தும் ஒரு அண்ணாச்சி: தேங்காய்ச் சட்னிக்காக '02ஜி' என்று எழுதிவிட்டார்கள். இணையத்தில் எல்லோரும் பார்ப்பார்களே தம்பி?

உங்கள் வருத்தம் புரிகிறது அண்ணாச்சி. 02ஜி என்றால் குளிர்ச்சியாக வைக்க வேண்டிய உணவு 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (5 டிகிரி செல்சியஸ்) மேல் இருந்தது என்பதுதான். கடை அழுக்கு என்று அர்த்தமில்லை. ஆனால் அரைத்த தேங்காய் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், ஆய்வாளர் எழுதியதும் அதைத்தான். கல்லுக்குப் பக்கத்தில் பெரிய தூக்கில் வைக்காமல், சின்னச் சின்னக் கிண்ணமாக ஐஸில் புதைத்து வையுங்கள், மீதி ஃபிரிட்ஜில் இருக்கட்டும். சாம்பார் 140 டிகிரிக்கு (60 டிகிரி செல்சியஸ்) கீழே இறங்கவே கூடாது, இறங்கினால் 02பி. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை வாங்கி, மணிக்கொரு தடவை பார்த்துச் சுவரில் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதியது தப்பு என்று தோன்றினால் விசாரணைக்குப் போங்கள்.

மதுரையிலிருந்து ஒரு ஐயா: நம் ஊர் ஆய்வு விவரத்தை எப்படி வாங்குவது?

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது ஐயா. மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய் கட்டணம் செலுத்துங்கள். "எல்லா விவரமும்" என்று கேட்காதீர்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்தப் பகுதி, ஆய்வு நடந்த தேதி, கண்ட குறை, எடுத்த நடவடிக்கை என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடை பில்லில் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணையும் குறிப்பிட்டால், எந்தக் கடை என்று தெரியவில்லை எனத் திருப்பியனுப்ப முடியாது. 30 நாளில் பதில் தர வேண்டும். காகிதத்தில் வந்தாலும் பரவாயில்லை, படம் எடுத்து அனுப்புங்கள், நான் உட்கார்ந்து பட்டியலாக அடித்துத் தருகிறேன்.