ஐஸ்பெட்டி எடமாமேயும் நம் வீட்டுச் சுண்டலும்

சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) முறுக்கும் கச்சாங் பூத்தேயும் (வறுத்த கடலைப் பலகாரம்) விற்கிறேன். போன மாதம் ஓர் ஆசையில், பேரங்காடியில் உறைந்து கிடக்கும் எடமாமேயை வாங்கி, அவித்து, பொட்டலம் கட்டி வைத்தேன். முறுக்கு வாங்க வந்தவர்கள் அதை வாங்கினார்களோ இல்லையோ, ஆளுக்கொரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பிலும் அது தொடர்ந்தது. சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, இது பட்டாணியா, அவரையா? எங்கள் தோட்டத்துக் கடையில் கேட்டால் தவுக்கே முழிக்கிறார்.

இரண்டும் இல்லை, சோயா. தாவ்ஃபூ, தெம்பே, சோயாப் பால் எல்லாம் எதிலிருந்து வருகின்றனவோ, அதே செடிதான். காய் முற்றிக் காய்வதற்கு முன், பருத்துப் பச்சையாக இருக்கும்போதே பறித்தால் எடமாமே. ஜப்பானிய மொழியில் 'எடா' கிளை, 'மாமே' பயறு. தவுக்கேயிடம் 'மாவ் தோவ்' என்று கேட்டுப் பாருங்கள். காயின் மேலே பூனைமுடி போல இருப்பதால் சீனர்கள் வைத்த பெயர் அது.

வேலை விட்டு வந்து கதவைத் திறந்ததும் பிள்ளைகள் பசி என்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடிகிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள்.

தோலோடு உள்ள பாக்கெட்டாக வாங்குங்கள். உறைய வைப்பதற்கு முன்பே பெரும்பாலும் அரைவேக்காடாக அவித்திருப்பார்கள், அதனால்தான் நமக்கு வேலை குறைவு. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஐஸ் விடக் காத்திருக்காமல் அப்படியே கொட்டுங்கள். மறுபடி கொதி வந்து மூன்று, நான்கு நிமிடம் போதும். ஒரு காயை எடுத்துக் கடித்துப் பாருங்கள். பச்சை வாடை போயிருக்க வேண்டும், ஆனால் பல்லுக்குக் கொஞ்சம் தட்டுப்படவும் வேண்டும்.

எல்லோரும் அவசரப்படுவது அடுத்த இடத்தில்தான். வடித்த கையோடு உப்பைத் தூவினால் அது தண்ணீரோடு ஓடித் தட்டின் அடியில் போய் நிற்கும். முறத்திலோ பெரிய தட்டிலோ பரப்பி, மின்விசிறிக்குக் கீழே இரண்டு நிமிடம் விடுங்கள். தோல் மேலே ஈரம் போய், உள்ளே சூடு இருக்கும்போது கல்லுப்பைப் பொடித்துத் தூவிக் குலுக்குங்கள். நான் உப்போடு வறுத்த மிளகு, சீரகம், ஒரு சிட்டிகை பெருங்காயம் சேர்த்து இடித்துப் போடுவேன். காயை உதட்டில் வைத்துப் பிதுக்கினால் பயறு உள்ளே வரும், தோலில் ஒட்டிய உப்புக்காரம் நாக்கில் படும். தோலைத் துப்பிவிட வேண்டும். என் மாமனாரிடம் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். மனிதர் கால் மணி நேரம் மென்றுவிட்டு, "மாட்டுக்குப் போடலாம்" என்றார்.

தோல் நீக்கிய பயறாகக் கிடைத்தால் சுண்டல்தான். கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அவித்த பயறைப் போட்டு இரண்டு புரட்டு, மேலே தேங்காய்ப்பூ. கொண்டைக்கடலை மாதிரி முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை சைவத்துக்கும் ஆயிற்று.

நான் அவித்தால் பச்சை போய்ச் சாம்பல் கலந்த மஞ்சளாகிவிடுகிறது. சோடா மாவு போடலாமா?

சோடா வேண்டாம், பயறு குழைந்து வழவழப்பாகிவிடும். நீங்கள் மூடி போட்டு அவிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காயிலிருந்து வரும் புளிப்பு ஆவியோடு வெளியேற வழி வேண்டும், மூடினால் தண்ணீரிலேயே தங்கிப் பச்சையைக் கெடுக்கும். மூடியைத் திறந்து வையுங்கள், நேரத்தைக் குறையுங்கள். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் சாப்பிடும்போது பிழியுங்கள்.

ஏர் ஃபிரையரில் போட்டேன். கச்சாங் பூத்தே மாதிரி மொறுமொறுவென்று வரவில்லையே?

வராது. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே போடுகிறவர்கள் எடுப்பது காய்ந்த கடலை. எடமாமேயில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது. அதை எப்படிக் காய வைத்தாலும் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெது என்றுதான் நிற்கும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பலகாரம். தோல் நீக்கிய பயறை ஐஸ் விட்டதும் துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். அரைக் கரண்டி எண்ணெய், கறிமசாலைத் தூள் பிரட்டி, 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் இரண்டு முறை குலுக்கிவிட்டு. கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காதீர்கள். குவித்தால் அது வறுவல் இல்லை, அவியல். டின்னில் போட்டு நாளைக்கு என்று வைக்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் காலைக்குள் நமுத்துவிடும்.

சம்பல் போட்டுச் செய்ய முடியுமா? வீட்டுக்காரருக்கு பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) இல்லாமல் எதுவும் இறங்காது.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 250 கிராம் தோல் நீக்கிய பயறு, ஒரு கைப்பிடி பிலிஸ். பிலிஸை ஒரே அலசாக அலசி, துணியில் நன்றாகத் துடைத்து, குவாலியில் பொன்னிறமாகப் பொரித்துத் தனியே வையுங்கள். ஆறு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, வெந்நீரில் ஊறிய காய்ந்த மிளகாய் எட்டு, சுட்ட பெலாச்சான் (இறால் விழுது) நகக்கண் அளவு, எல்லாவற்றையும் அம்மியோ மிக்ஸியோ, எது வாய்க்கிறதோ அதில் அரைத்து, பிலிஸ் பொரித்த அதே எண்ணெயில் சின்னத் தீயில் வதக்குங்கள். முதலில் விழுது எண்ணெயைக் குடித்துக்கொண்டு கட்டியாக நிற்கும். கை ஓய்ந்துவிடும் போலத் தோன்றும் நேரத்தில் ஓரங்களில் சிவப்பு எண்ணெய் பிரிந்து வரும், வெங்காய வாடையும் அடங்கிவிடும். அதற்கு முன் பயறைப் போட்டால் மிளகாயின் பச்சை நெடி கடைசிவரை போகாது.

இப்போது அரைக் கரண்டி சீனி, அவித்து ஈரம் போன பயறு. இரண்டு நிமிடம் புரட்டி அடுப்பை அணைத்தபின்தான் பிலிஸ், அதுவும் சாப்பிடப் போகும்போது. லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) ஒன்றைப் பிழிந்துவிடுங்கள். பெலாச்சானிலும் பிலிஸிலும் உப்பு இருக்கிறது, ருசி பார்க்காமல் உப்புப் போடாதீர்கள். விழுதை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வதக்கி ஐஸ்பெட்டியில் வைத்துக்கொண்டால், வார நாளில் இதுவும் பத்து நிமிட வேலைதான்.

அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். கொடுக்கலாமா?

சோயா அந்த மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கலாம். மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் அப்படித்தான் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும், இதில் வைட்டமின் கே உண்டு. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் கிட்டவே போக வேண்டாம். மற்றபடி அவித்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 11 கிராம் புரதம், நல்ல உணவுதான். சின்னக் குழந்தைக்கு முழுப் பயறாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். மசித்துக் கொடுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. பாக்கெட்டில் உள்ளதை ஊன்றினால் முளைக்குமா?

அவித்தது எப்படி முளைக்கும்? விதைக்கு என்று விற்கும் சோயாவை வாங்குங்கள். ஆனால் சோயா, பகல் நீளம் பார்த்துப் பூக்கிற செடி. நம் ஊரில் வருடம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரம்தான் என்பதால், குளிர்நாட்டு இரகங்கள் முழங்கால் உயரம் வளர்வதற்குள் பூத்துவிடும், காயும் குறைவாகத்தான் பிடிக்கும். வெப்பநாட்டு இரகமாகக் கேளுங்கள். காய் புடைத்துப் பச்சையாக இருக்கும் நாட்கள் சொற்பம். ஒரு வாரம் அசந்தால் மஞ்சள் தட்டிவிடும், அப்புறம் சோயாப் பால்தான். பச்சையாக மட்டும் வாயில் போடாதீர்கள். வேகாத சோயாவில் புரதத்தைச் செரிக்க விடாத பொருள் இருக்கிறது, சூடு பட்டால்தான் முறியும்.

பாக்கெட் உள்ளே எல்லாம் ஒரே ஐஸ் கட்டியாக இருந்தது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். பாக்கெட்டைக் குலுக்கினால் காய்கள் தனித்தனியாகக் கலகலவென்று சத்தம் போட வேண்டும். கட்டியாக இருந்தால் வழியில் எங்கோ ஐஸ் விட்டு மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். மலிவு விலை ஒட்டியிருந்ததைப் பார்த்து நானும் ஒருமுறை அப்படி நான்கு பாக்கெட் தூக்கி வந்தேன். அவித்தபோது கஞ்சி மாதிரி குழைந்தது, புளித்த வாடை வேறு. அந்த வாரம் பாசார் மாலாமில் முறுக்கு மட்டும்தான் விற்றேன்.