தைப்பூசம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். எனக்கு 20 வாரம், வயிற்றில் இரட்டை, இரண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடி. ஒரு பிள்ளையைச் சுற்றி நீர் ரொம்ப அதிகம், இன்னொன்றுக்கு நீரே இல்லை, லேசர் செய்யக் கோலாலம்பூர் போகணும் என்கிறார் டாக்டர். மாமியாரோ, "மூணு வாரத்தில் தைப்பூசம், முருகன் பார்த்துக்குவான்" என்கிறார். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை நானே கொன்ற பாவம் வருமா? ஒட்டு வாழைப்பழம் தின்றதுதான் காரணமா?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த வாழைப்பழத்தை மனசிலிருந்து இறக்கி வையுங்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்த இரட்டை இது. நீங்கள் தின்றதாலோ வேலை செய்ததாலோ வந்ததில்லை. இப்படி ஒரே நஞ்சுக்கொடியில் வளரும் இரட்டையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து கர்ப்பங்களில் இந்தச் சிக்கல் வருகிறது.

நஞ்சுக்கொடியின் மேல் இரண்டு பிள்ளைகளின் ரத்தக் குழாய்களும் இணைந்திருக்கும். அதன் வழியே ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கொடுக்கிற பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்து, சுற்றியுள்ள நீர் வற்றிவிடும். வாங்குகிற பிள்ளையின் இதயம் அந்தச் சுமையில் திணறும். ஆபத்து இரண்டுக்கும்தான். லேசர் எந்தப் பிள்ளையையும் தொடுவதில்லை. மெல்லிய குழாயை உள்ளே விட்டு, அந்த இணைப்புகளை மட்டும் சுட்டு அடைப்பார்கள். இதில் பாவம் எங்கே இருக்கிறது?

மறைக்க மாட்டேன், அதன் பிறகும் ஒன்று தவறிப் போகலாம். ஏறக்குறைய பத்தில் எட்டுத் தாய்மாருக்கு ஒரு பிள்ளையாவது பிழைக்கிறது, இரண்டும் பிழைப்பது பாதிப் பேருக்குத்தான். நீர்க்குடம் முன்னதாக உடையும் அபாயமும் உண்டு. ஆனால் இணைப்பு திறந்திருக்கும்போது ஒன்று உள்ளேயே இறந்தால், இருக்கிற பிள்ளையின் ரத்தம் அந்தப் பக்கம் சட்டென்று இறங்கி, அதன் மூளையையோ உயிரையோ பாதித்துவிடலாம். உங்கள் மாமியாருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

லேசர் பெரும்பாலும் 16 முதல் 26 வாரத்துக்குள் செய்வது. அதற்காக இன்னும் நேரம் இருக்கிறதென்று நினைக்காதீர்கள், இந்த நோய் சில நாளிலேயே முற்றிவிடும். நேர்த்தியைப் பிறகு செலுத்தலாம், முருகன் கோபிக்க மாட்டான். வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அது உங்கள் உரிமை, யாரும் குறை சொல்ல முடியாது. டாக்டரிடம் எல்லாம் கேட்டுவிட்டு எடுங்கள். நாள் கடந்து, அதுவாக முடிந்துபோக விடாதீர்கள்.

வயிறு திடீரென்று பெருத்து இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ, நீர் கசிந்தாலோ ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றால் நாளைக் காலையிலேயே கர்ப்பப் பரிசோதனையைப் பதியும் பிங்க் புத்தகத்தையும் ஸ்கேன் தாளையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். ஒன்று நீரில் மிதக்க, சின்னது கருப்பைச் சுவரோரம் அசைய முடியாமல் ஒட்டிக் கிடப்பதைத் திரையில் அவரும் ஒருமுறை பார்க்கட்டும்.