டைமிங் செயின் மாற்றிய பின் கார் இழுக்கவில்லை: செலவு யாருடையது?

கேள்வி: என்னிடம் 2013ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் வேகன் ஆர் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜினில் கரகரவென்று சத்தம் வந்ததால், எங்கள் ஊர் ஒர்க் ஷாப் ஒன்றில் டைமிங் செயினை மாற்றினேன். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் வண்டி நிற்கும்போது இன்ஜின் நடுங்குகிறது, மேட்டில் இழுவை இல்லை, செக் இன்ஜின் விளக்கும் எரிகிறது. “சென்சார் போயிருக்கிறது, அதற்குத் தனிச் செலவு” என்கிறார் மெக்கானிக். வேறொருவர், “மார்க் தவறி மாட்டியிருக்கிறார்கள்” என்கிறார். மறுபடியும் நான்தான் பணம் கட்ட வேண்டுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: வேலை முடிந்த கையோடு இந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வந்திருப்பதால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மார்க்கை, அதாவது செயினை மாட்டும்போது பொருத்த வேண்டிய குறிகளைத்தான். சோதித்துப் பார்க்காமல் சென்சாருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அதுவரை வண்டியை ஓட்டவும் வேண்டாம். வால்வு திறக்கும் நேரம் அதிகமாகத் தவறினால், பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலேறி வந்து வால்வில் மோதி அதை வளைத்துவிடும். பிறகு இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் தீராது.

பிஸ்டன்களால் சுழலும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம்; இரண்டையும் இணைப்பதே டைமிங் செயின். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் காட்டத்தான் கிராங்க் பல்சக்கரத்திலும் கேம் பல்சக்கரங்களிலும் புள்ளியோ கோடோ குறித்திருப்பார்கள். செயினிலும் சில இணைப்புகள் வேறு நிறத்தில் இருக்கும். ஒவ்வொரு நிற இணைப்பும் அதற்குரிய குறிக்கு நேராக அமர வேண்டும். கேம் சக்கரத்தில் 36 பற்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரே ஒரு பல் தவறினாலும் கேம் 10 டிகிரி விலகிவிடும். கிராங்க் கணக்கில் அது 20 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் நீங்கள் சொல்வதைப் போலத்தான் ஓடும்.

தவறு பெரும்பாலும் குறியை வைக்கும்போது நேர்வதில்லை, அதற்கு அடுத்த நிமிடத்தில் நேர்கிறது. செயினின் தொய்வு முழுவதும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இருக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் விறைப்பாக நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் சிறிது தொய்வை விட்டுவிட்டு டென்ஷனரை அடக்கி வைத்திருக்கும் பின்னை உருவினால், அது செயினைத் தள்ளி இறுக்கும்போது கேம் சற்றே திரும்பி, பொருந்தியிருந்த குறி விலகிவிடும். அதனால்தான் டென்ஷனரை விட்ட பிறகு, கிராங்கை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பல்சக்கரக் குறிகள் மீண்டும் பழைய இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்த பின்பே செயினை மறைக்கும் டைமிங் கவரை மூட வேண்டும். இந்தச் சோதனையில் நிற இணைப்புகள் குறிகளுக்கு நேராக வந்திருக்காது; செயினின் இணைப்பு எண்ணிக்கை காரணமாக அவை பல சுற்றுகளுக்குப் பிறகே ஒன்றுகூடும். அதைப் பிழை என்று எண்ணிச் சரியாக இருந்ததைக் கலைத்து மாட்டிவிடுவதும் நடப்பதுண்டு. சுற்றிய பின் நம்ப வேண்டியது சக்கரக் குறிகளை மட்டுமே.

இப்போது செய்ய வேண்டியது இது. ஸ்கேனர் வைத்துப் பிழைக்குறியீட்டை எடுக்கச் சொல்லுங்கள். கிராங்க் நிலையும் கேம் நிலையும் பொருந்தவில்லை என்பதைக் குறிக்கும் பி0016 வந்தால், காரணம் மார்க்காகவும் இருக்கலாம், சென்சார் அல்லது ஒயரிங்காகவும் இருக்கலாம். குறியீடு மட்டும் தீர்ப்பாகாது. அடுத்து வால்வு கவரை மட்டும் கழற்றி, கிராங்க் புல்லியின் கோட்டை டைமிங் கவரில் உள்ள குறிக்கு நேராக நிறுத்தி, கேம் சக்கரக் குறிகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். செயினைக் கழற்றாமலே விவரம் தெரிந்துவிடும். நீங்கள் உடனிருந்து அதைத் தெளிவாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு மெக்கானிக் அவசரப்பட்டு டென்ஷனரைத் தளர்த்திவிட்டால், உங்கள் பக்கத்து ஆதாரம் அந்தக் கணமே அழிந்துபோகும்.

மார்க் தவறியது உறுதியானால், மறுவேலைக்கான கூலியும் அதற்காக மாற்ற வேண்டிய கேஸ்கெட் செலவும் அந்த ஒர்க் ஷாப்பையே சேரும். அந்தத் தவறால் வால்வு வளைந்திருந்தால் அந்தச் செலவையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் பில்லின் நகலையும் படத்தையும் இணைத்து எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். அதற்கும் பலனில்லை என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி சேவைக் குறைபாடு என்று நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பில் வாங்காமல் வேலை செய்திருந்தால், பணம் அனுப்பிய யுபிஐ பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: என் ஸ்விஃப்ட் டீசலுக்கு டைமிங் செயின் மாற்ற வேண்டும். “செயின் மட்டும் போதும், மார்க்கெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார் மெக்கானிக். ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒப்புக்கொள்ள வேண்டாம். தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரம் தேயும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனரும், செயின் உரசி ஓடும் கைடுகளும் பழையதாகவே இருந்தால் சத்தம் திரும்ப வரும். கூலியே பெரிய செலவாக உள்ள இந்த வேலையில், இவையெல்லாம் சேர்ந்த முழு கிட்டாக வாங்குவதே சிக்கனம். மேலும், உங்கள் வண்டியில் உள்ள 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜினுக்குக் கேமையும் கிராங்கையும் அசையாமல் பூட்டி வைக்கும் தனிக் கருவி தேவை. அது அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணளவில் வைத்துவிடலாம் என்று சொன்னால் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். பாகங்களின் எண் எழுதிய பில், கழற்றிய பழைய பாகங்கள், கவரை மூடுவதற்கு முன் எடுத்த படம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே, ஒர்க் ஷாப் வேலை விவரத்தைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.