மதூரா முத்திரை மட்டும் இருந்தால் பிக்காசோ தட்டா?

நீங்கள் வாங்க நினைக்கும் தட்டின் அடியில் 'மதூரா ப்ளென் ஃபே' என்ற மண்பாண்டப் பட்டறையின் முத்திரை மட்டும் இருப்பதை வைத்து, விற்பவர் சொல்வதுபோல் அதைப் பிக்காசோ தட்டு என்று ஏற்க முடியாது. கையெழுத்து இல்லையே என்ற கவலையை விடுங்கள். பிக்காசோவின் பதிப்புத் தட்டுகளில் (அவர் வடிவத்தைப் பட்டறை பல பிரதிகளாகச் செய்தவை) பெரும்பாலானவற்றில் அது கிடையாது.

பிரான்சின் வல்லோரிஸ் ஊரில் மதூரா பட்டறையை நடத்தியவர்கள் சுசான், ஜார்ஜ் ராமியே தம்பதி. சுசானே தேர்ந்த மண்பாண்டக் கலைஞர். அவருடைய சாடி, தட்டுகளிலும் இதே முத்திரைதான். நீங்கள் பார்த்த தட்டு அந்த வகையாக இருக்கலாம். (அதுவும் வாங்கத் தகுந்ததுதான், விலைதான் வேறு!)

சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். 'எதிஸியோன் பிக்காசோ' அல்லது 'ஆம்ப்ரேந்த் ஒரிஜினால் த பிக்காசோ' என்று இன்னொரு குறி இருக்கிறதா? சிலவற்றில் தூரிகையால் எழுதியிருப்பார்கள். எழுத்து மங்கலாக இருந்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவாட்டில் தேய்க்கலாம். ஈர மண்ணில் அழுத்திய எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். சுட்ட பிறகு கீறியதில் சில்லு பெயர்ந்திருக்கும்; அப்படியானால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் முத்திரையிலும் போலி உண்டு. 1947 முதல் 1971 வரை வந்த பிக்காசோவின் 633 பதிப்பு வடிவங்களும் அலென் ராமியே தொகுத்த பட்டியலில் அளவோடு உள்ளன. அதோடு ஒப்பிடாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.