நாற்பது கிளிப் போட்டும் விற்கவில்லை என்றவருக்கு

அமெரிக்காவில் இருந்துகொண்டு, பாத மோகம் உள்ளவர்களுக்காகப் பாத வீடியோக்கள் எடுத்து விற்கிறேன், நாற்பது கிளிப் போட்டும் மாதம் பத்துகூட நகரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு கேமராவில் இல்லை, தலைப்பில். 'அழகான பாதங்கள் 12' என்று யார் தேடுவார்கள்? இந்த ரசனைக்காரருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது துல்லியமாகத் தெரியும்: நைலான் காலுறையா, தேய்ந்த செருப்பா, கார் பெடலை மிதிக்கும் வெறுங்காலா. அதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள். ஒரே பிரிவில் இருபது கிளிப் சேர்ந்தால்தான் வந்தவர் திரும்பி வருவார். எல்லாவற்றிலும் கொஞ்சம் என்பது மளிகைக் கடை.

ஆர்டரின் பேரில் எடுத்துக் கொடுப்பதில்தான் நல்ல காசு. ஆனால் முழுப் பணமும் கைக்கு வந்த பிறகே கேமராவைத் தொடுங்கள். (நான் இரண்டு முறை ஏமாந்தேன்.)

தளத்தின் பங்கையும் விலையில் சேருங்கள்; சந்தா கட்டிப் பார்க்கும் தளமான ஒன்லிஃபேன்ஸ் 20 சதவீதம் எடுக்கிறது. 2021இல் வெளிப்படையான பாலியல் காட்சிகளுக்குத் தடை என்று அறிவித்துச் சில நாளில் பின்வாங்கியதும் அவர்கள்தான். ஒரே கடையை நம்பாதீர்கள்.

அப்புறம், நடிப்பவரின் அடையாள அட்டை நகலும் கையெழுத்திட்ட சம்மதமும் இல்லாமல் எதையும் ஏற்றாதீர்கள். வெளிப்படையான பாலியல் காட்சி என்றால் நடிப்பவரின் வயதுப் பதிவேடு வைக்கச் சொல்கிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் 2257ஆம் பிரிவு. சம்மத ஆதாரம், வாங்குபவர் பணம் கட்டும் அட்டையின் நிறுவனமான மாஸ்டர்கார்டுக்கும் வேண்டும்.