கிராமத்துப் பெண்கள் ஏன் கருத்தடை மாத்திரையை விட்டு அறுவை சிகிச்சையையே நாடுகிறார்கள்?

மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி, ஊசி எனத் தற்காலிக வழிகள் பல இருந்தும், தமிழகக் கிராமங்களில் பெண்கள் பெரும்பாலும் இரண்டாவது குழந்தையோடு கருத்தடை அறுவை சிகிச்சையைச் செய்துகொள்வதற்கு அறியாமையைக் காரணம் காட்டுவது சரியன்று. பிரசவத்துக்குச் சேர்ந்த அரசு மருத்துவமனையிலேயே, ஏழு நாள்களுக்குள் இலவசமாக முடிந்துவிடுவதால், கூலி வேலையை விட்டு மீண்டும் ஒருமுறை வர வேண்டியதில்லை. மாத்திரையோ நாள் தவறாமல் விழுங்க வேண்டியது. அட்டை மாமியார் கண்ணில் பட்டால் பதிலும் சொல்ல வேண்டியது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி 2017 முதல் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. அதனால் மாதவிடாய் ஒழுங்கு மாறக்கூடும், சிலருக்கு நின்றும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், பயந்துபோய் அடுத்த ஊசிக்கு வராமல் இருப்பது இயல்புதானே?

ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை பெண்களுடையதைவிட எளியது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அறுவை சிகிச்சையை நம்பியிருக்கும் மணமான பெண்கள் 37.9 விழுக்காடு, கணவர் செய்துகொண்டவர்கள் வெறும் 0.3 விழுக்காடு. நெருக்கடி நிலைக் காலக் கட்டாயக் கருத்தடை விதைத்த அச்சமும், உடல் பலம் குறையும் என்ற ஆதாரமற்ற நம்பிக்கையும் இதற்கு முக்கியக் காரணங்கள். (வண்டியோட்டவும் மூட்டை தூக்கவும் முடியாது என்பார்கள், சில நாள் ஓய்வே போதும்.)