டெக்சஸில் கைதானால்: ஜெயில், ஃபெலனி, புரொபேஷன் பற்றிய உங்கள் கேள்விகள்

ஹூஸ்டனில் கிரிமினல் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறேன். நான் வக்கீல் இல்லை. கீழே இருப்பது, குடியேற்றச் சட்டம் பற்றிச் சொல்வதைத் தவிர, டெக்சஸ் சட்டம். பக்கத்து மாநிலத்தில் கணக்கே வேறு. ஃபெலனி என்றால் பெரிய குற்றம், மிஸ்டெமீனர் என்றால் சின்னக் குற்றம். டிகிரி என்பது ஃபெலனியின் கடுமைப் படி, ஃபர்ஸ்ட்தான் கடுமையானது. புரொபேஷன் என்றால் ஜெயிலுக்குப் போகாமல் கோர்ட் கண்காணிப்பில் வெளியே இருப்பது.

கேள்வி: டல்லாஸில் எம்.எஸ். படிக்கும் என் தம்பியை நேற்றிரவு பிடித்துவிட்டார்கள். எப்போது வெளியே வருவான்?

அக்கா, 48 மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் பெயில் தொகை தெரியும். முழுப் பணத்தையும் நீங்களே கட்டினால், அவன் வாய்தா தவறாமல் கோர்ட்டுக்கு வந்தால் வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். உங்களுக்காகப் பெயிலுக்குப் பொறுப்பேற்கும் பாண்ட் கம்பெனி வழியாகப் போனால் வழக்கமாகப் பத்து சதவீதம் கேட்பார்கள். அந்தப் பணம் திரும்பாது.

ஜெயில் போனில் வழக்கைப் பற்றி மூச்சு விடாதீர்கள். எல்லாம் பதிவாகும். தமிழில் பேசினால் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம், மொழிபெயர்க்க ஆள் கிடைக்கும்.

கேள்வி: அவனிடம் இருந்தது கஞ்சா மிட்டாய் ஒரு பாக்கெட்தான். செகண்ட் டிகிரி ஃபெலனி என்கிறார்கள். மிட்டாய்க்கா?

மிட்டாய்க்குத்தான். நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இதில். கஞ்சா இலையாக இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருந்தால் கிளாஸ் பி மிஸ்டெமீனர், அதிகபட்சம் 180 நாள். அதிலிருந்து எடுத்த டிஹெச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) சாறு சட்டத்தில் வேறு பிரிவு. அங்கே எடை போடும்போது சர்க்கரை, ஜெலட்டின் எல்லாம் சேர்த்தே போடுவார்கள். ஒரு மிட்டாயே நாலைந்து கிராம் வரும். 4 கிராமிலிருந்து 400 கிராமுக்குள் இருந்தால் செகண்ட் டிகிரி. வேப் பேனாவில் (மின் சிகரெட்டில்) ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தால்கூட ஸ்டேட் ஜெயில் ஃபெலனி, அதாவது ஃபெலனியில் கடைசிப் படி. வேறு மாநிலத்தில் கடையில் பில் போட்டு வாங்கினேன் என்பது இங்கே எடுபடாது. லேப் ரிப்போர்ட் வரும் முன்பு எதற்கும் தலையாட்டாதீர்கள்.

கேள்வி: எந்த டிகிரிக்கு எத்தனை வருடம்?

ஃபர்ஸ்ட் டிகிரி 5 முதல் 99 வருடம் அல்லது ஆயுள். செகண்ட் 2 முதல் 20. தேர்ட் 2 முதல் 10. ஸ்டேட் ஜெயில் ஃபெலனி 180 நாள் முதல் 2 வருடம். இந்தக் கடைசி வகையில் பரோல் (தண்டனைக் காலம் முடியும் முன் கண்காணிப்போடு விடுதலை) கிடையாது. பழைய ஃபெலனித் தண்டனை இருந்தால் டிகிரி ஒரு படி ஏறலாம்.

கேள்வி: ஃபெலனி என்றாலே புரொபேஷன் கிடையாதா?

கிடைக்கும். டிகிரியை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். விதிக்கும் தண்டனை 10 வருடத்துக்குள் இருந்தால், ஃபர்ஸ்ட் டிகிரியாக இருந்தாலும் புரொபேஷனுக்கு வழி உண்டு. கொலை, ஆயுதம் காட்டிக் கொள்ளை போன்ற சில குற்றங்களில் ஜட்ஜால் அப்படிக் கொடுக்க முடியாது. அவற்றில் சிலவற்றுக்கு ஜூரி பரிந்துரைக்கலாம், கொலைக்கு அதுவும் இல்லை. ஜூரியிடம் கேட்பதென்றால், முன்பு ஃபெலனித் தண்டனை இல்லை என்று விசாரணை தொடங்கும் முன்பே சத்தியம் செய்து மனு போட வேண்டும்.

கேள்வி: என் கணவர் ஃபெலனி வழக்கில் மூன்று மாதத்துக்கு மேலாக கவுண்டி (மாவட்ட) ஜெயிலில் இருக்கிறார். இன்னும் குற்றப்பத்திரிகை வரவில்லை.

90 நாளாகியும் அரசுத் தரப்பு விசாரணைக்குத் தயாராகவில்லை என்றால், பெயிலைக் குறைக்கவோ சொந்த ஜாமீனில் (முன்பணம் கட்டாமல், கோர்ட்டுக்கு வருவேன் என்ற உறுதியின் பேரில்) விடவோ கேட்கலாம். உங்கள் வக்கீல் மனு போட வேண்டும். வழக்கு தள்ளுபடி ஆகாது. வேறு வழக்கிலும் உள்ளே இருந்தால் இது உதவாது. குடியேற்றத் துறை பிடித்து வைக்கச் சொல்லியிருந்தால் அது தனிச் சிக்கல், பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் தண்டனை வந்தால் இந்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள்.

கேள்வி: எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். கடைத் திருட்டு வழக்கு. டிஃபர்ட் அட்ஜுடிகேஷனுக்கு ஒத்துக்கொண்டால் தண்டனையே பதிவாகாது என்கிறார் வக்கீல். கையெழுத்துப் போடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். டெக்சஸ் கணக்கில் அவர் சொல்வது சரி. ஜட்ஜ் தீர்ப்பைத் தள்ளிவைப்பார். ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. ஆனால் குடியேற்றச் சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டாலோ எதிர்க்கவில்லை என்றாலோ, கூடவே ஏதாவது கட்டுப்பாடு விதித்தால், அங்கே அது தண்டனைதான்.

வழக்கமான புரொபேஷனில் இன்னொரு பொறி. திருட்டுக்கு 365 நாள் தண்டனை கொடுத்து, அதை நிறுத்திவைத்து நீங்கள் ஒரு நாள்கூட உள்ளே போகாவிட்டாலும், குடியேற்றச் சட்டத்தில் ‘அக்ரவேட்டட் ஃபெலனி’ (நாடு கடத்தலுக்கு வழிவகுக்கும் கடும் குற்ற வகை) ஆகிவிடும். 364 என்று எழுதினால் அந்த வகையில் வராது. இந்த ஒரு நாளுக்காகப் பேரம் பேசத் தெரிந்த வக்கீல் வேண்டும். நாடு கடத்தும் ஆபத்தைக் கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. தயங்காமல் கேளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே நுழையக்கூடிய டைவர்ஷன் திட்டம் (நிபந்தனைகளை முடித்தால் வழக்கைக் கைவிடும் ஏற்பாடு) உண்டா என்பதையும் கேளுங்கள். சில கவுண்டிகளில் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே ஒப்புதல் வாக்குமூலம் இருக்கும், வரிவரியாகப் படியுங்கள்.

கேள்வி: புரொபேஷனில் தவறினால் என்ன ஆகும்? நடுவில் ஊருக்குப் போய்வரலாமா?

வழக்கமான புரொபேஷன் என்றால், நிறுத்திவைத்த தண்டனைக்கு மேல் போக முடியாது. டிஃபர்டில் தவறினால் அந்த டிகிரியின் முழு வரம்பும் திறந்துகொள்ளும். செகண்ட் டிகிரியில் நாலு வருடம் நல்லபடியாக ஓட்டிவிட்டுக் கடைசியில் சறுக்கினாலும் 20 வருடம் வரை போடலாம்.

ஊருக்குப் போக கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் விசா ரத்தாகியிருக்கலாம், திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் நிறுத்தலாம். தங்கை கல்யாணமே ஆனாலும், டிக்கெட் போடும் முன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.